‘ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போடுங்க டாக்டர்!’ - உடம்பில் நீர் குறைவா, அதிகமா? அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

“உடம்புல தெம்பே இல்ல டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க!”

தமிழ்நாட்டில் எந்த ஊர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் காதில் விழும் வசனம் இது. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, தலைசுற்றலோ, ‘ட்ரிப்ஸ்’ ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு.

ஆனால், உயிருக்குப் போராடும் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, அங்கே பணியில் இருக்கும் மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும் கேள்விகளில் ஒன்று இதுதான். இவருக்கு ட்ரிப்ஸ் தேவையா? தேவை என்றால் எவ்வளவு? எப்போது நிறுத்த வேண்டும்?

நீர் குறைந்தால் உறுப்புகளுக்கு ரத்தம் போகாது, சிறுநீரகம் செயலிழக்கும். நீர் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரண்டுமே உயிரைப் பறிக்கும். இந்த அளவைக் காட்டும் ஒற்றை மீட்டர் எதுவும் மருத்துவத்தில் இல்லை.

அப்படியென்றால் மருத்துவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பி.பி., இரண்டு நோயாளிகள்

ஒரு உதாரணம். அவசர சிகிச்சைப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டு பேர். ஒருவர் 28 வயது இளைஞர், இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, வாந்தி. இன்னொருவர் 64 வயதுப் பெண், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், மூச்சு வாங்குகிறது.

இருவருக்கும் ரத்த அழுத்தம் 80/50. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120. கை, கால் இரண்டு பேருக்கும் சில்லிட்டுக் கிடக்கிறது. மானிட்டரை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

ஆனால் இளைஞருக்கு வேகமாக சலைன் ஏற்ற வேண்டும். தாமதித்தால் ஆபத்து. அதே சலைனை அந்தப் பெண்ணுக்கு அதே வேகத்தில் ஏற்றினால், பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் தேங்கிவிடும். அவருக்குத் தேவை இதயத்துக்கான மருந்தும் ஆக்சிஜனும்.

எண் ஒன்று, சிகிச்சை நேர் எதிர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

உடம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. இதில் ஏறத்தாழ 28 லிட்டர் செல்களுக்குள் இருக்கிறது. மீதி 14 லிட்டரில் பெரும்பகுதி செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில். ரத்தக் குழாய்களுக்குள் திரவமாக ஓடுவது வெறும் மூன்று, மூன்றரை லிட்டர்தான்.

மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆக்சிஜன் கொண்டுபோவது இந்தக் கடைசிப் பகுதிதான். அவசர சிகிச்சையில் மருத்துவர் முதலில் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

இதனால்தான் ‘உடம்பு முழுக்க நீர், ஆனால் ரத்தக் குழாயில் நீர் இல்லை’ என்ற விசித்திரமான நிலை வருகிறது. கல்லீரல் கெட்டுப்போனவருக்கு வயிறு வீங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும். ஆனால் ரத்தக் குழாயில் சுற்றி வருகிற திரவம் போதாமல் இருக்கலாம். டெங்குவிலும் இதுதான் நடக்கிறது. நீர் உடம்பை விட்டு எங்கேயும் போவதில்லை. குழாயிலிருந்து கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்ச் சேர்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏற்றுகிற சலைன் முழுவதும் ரத்தக் குழாயிலேயே தங்குவதில்லை. ஒரு லிட்டர் ஏற்றினால், சில மணி நேரத்தில் அதில் ஏறத்தாழ கால் பங்குதான் குழாயில் மிஞ்சும். மற்றது திசுக்களுக்குள் போய்விடும். நோய்த்தொற்றால் குழாய்ச் சுவர் பழுதாகியிருந்தால் கசிவு இன்னும் அதிகம்.

டேங்கா, மோட்டாரா, பைப்பா?

மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. என்ன காரணமாக இருக்கும்? டேங்கில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். மோட்டார் பழுதாகியிருக்கலாம். பைப் எங்கோ உடைந்து அகலமாகத் திறந்திருக்கலாம். அல்லது நடுவில் அடைத்திருக்கலாம்.

ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போகாத நிலையை மருத்துவர்கள் ‘ஷாக்’ என்கிறார்கள். இதற்கும் இதே நான்கு காரணங்கள்தான்.

ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு என்றால் டேங்க் காலி. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு என்றால் மோட்டார் கோளாறு. செப்சிஸ் எனப்படும் கடும் நோய்த்தொற்று, கடும் ஒவ்வாமை என்றால் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிட்டன. நுரையீரல் ரத்தக் குழாயில் பெரிய ரத்தக்கட்டி, இதயத்தைச் சுற்றி நீர் என்றால் அடைப்பு.

டேங்க் காலியானவருக்குத் தண்ணீர் ஊற்றினால் பிரச்னை தீரும். மோட்டார் பழுதானவருக்கு ஊற்றினால் வீடுதான் மூழ்கும். நிஜ நோயாளிகளிடம் இந்த நான்கும் கலந்தே வரும். நிமோனியா முற்றிய ஒருவருக்குக் குழாயும் தளர்ந்திருக்கும், சாப்பிடாமல் கிடந்ததால் டேங்கும் குறைந்திருக்கும், பழைய இதய நோயும் இருக்கும்.

நாக்கு வறண்டால் நீர்ச்சத்து குறைவா?

முதல் பரிசோதனை கண்ணாலும் கையாலும்தான். நாக்கு வறட்சி, குழி விழுந்த கண், தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்புவது, கழுத்து நரம்பின் புடைப்பு, கால் வீக்கம். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை. எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கான ஆய்வுகளைத் தொகுத்து 1999-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஆரோக்கியமானவர்களிடம் குறிப்பிட்ட அளவு ரத்தத்தை எடுத்துவிட்டு என்ன மாற்றம் தெரிகிறது என்று பார்த்த ஆய்வுகளும் அதில் இடம்பெற்றிருந்தன.

450 முதல் 630 மி.லி. வரை ரத்தம் எடுத்தபோது, எழுந்து நின்றதும் நாடித்துடிப்பு 30-க்கு மேல் எகிறுவது, அல்லது தலைசுற்றி நிற்கவே முடியாமல் போவது என்ற அறிகுறி வெறும் 22 சதவீதம் பேரிடம்தான் தெரிந்தது. 630 மி.லி.க்கு மேல், ஒரு லிட்டரைத் தாண்டும் அளவு வரை எடுத்தபோது அதே அறிகுறி 97 சதவீதம் பேரிடம் தெரிந்தது. ஆனால் அவ்வளவு ரத்தம் போன பிறகும், படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் குறைந்தது மூன்றில் ஒருவருக்குத்தான்.

அதாவது, ‘பி.பி. நார்மலா இருக்கு, பிரச்னை இல்லை’ என்று நிம்மதி அடைய முடியாது. இளம் வயதினரின் உடல் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து கடைசிவரை சமாளிக்கும். பிறகு ஒரே அடியாகச் சரியும். வயதானவர்களில் வேறு சிக்கல். பி.பி.க்காக ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் நாடித்துடிப்பு ஏறாமலே இருக்கலாம்.

தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் நன்றாகவே உதவும். தோல் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் கடும் நீரிழப்பு என்கிறது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். ஆனால் முதியவர்களுக்கு வயதாலேயே தோல் தளர்ந்திருக்கும். அங்கே இதை நம்ப முடியாது. வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கு எப்படியும் வறண்டுதான் இருக்கும்.

கால் வீக்கமும் தாமதமாகவே காட்டிக்கொடுக்கும். பெரியவர்களுக்கு உடலில் இரண்டு, மூன்று லிட்டர் கூடுதலாகச் சேர்ந்த பிறகுதான் விரலால் அழுத்தினால் குழி விழும்.

விரல் நுனி சொல்லும் சேதி

எந்தக் கருவியும் இல்லாத ஒரு எளிய சோதனை சமீப ஆண்டுகளில் மீண்டும் மரியாதை பெற்றிருக்கிறது. விரல் நுனியை அழுத்தி வெளுக்கவைத்து, விட்டதும் எத்தனை விநாடியில் சிவப்பு திரும்புகிறது என்று பார்ப்பது. மூன்று விநாடிக்கு மேல் ஆனால், உறுப்புகளுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று பொருள்.

தென் அமெரிக்க மருத்துவர்கள் நடத்திய ‘ஆண்ட்ரோமெடா ஷாக்’ ஆய்வு 2019-ல் வெளியானது. செப்சிஸ் ஷாக்கில் இருந்த 424 பேரில் பாதிப் பேருக்கு இந்த விரல் சோதனையை வைத்தும், மீதிப் பேருக்கு ரத்தத்தில் ‘லாக்டேட்’ அளவை வைத்தும் சிகிச்சை தரப்பட்டது. 28 நாட்களில் விரல் சோதனைக் குழுவில் 34.9 சதவீதம் பேரும், லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம் பேரும் இறந்தனர். இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியானதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆனாலும், ஒரு விரல் அழுத்தம் ஒரு லேப் டெஸ்ட்டுக்குக் குறைந்ததல்ல என்பது தெரிந்தது.

இதன் தொடர்ச்சியாக 19 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2025-ல் வெளியானது. விரல் சோதனையை மையமாக வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் திரவமும் மருந்தும் முடிவு செய்யப்பட்டபோது, உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் உறுப்புகளுக்குச் செயற்கை ஆதரவு தேவைப்பட்ட காலம் குறைந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை ‘ரத்த ஓட்டம் போதவில்லை’ என்று சொல்லும். ‘சலைன் ஏற்று’ என்று சொல்லாது. காரணம் டேங்கா, மோட்டாரா என்பதை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிறுநீர்: நம்பலாம், ஆனால்...

‘கடைசியா எப்ப யூரின் போனாங்க?’ அவசர சிகிச்சைப் பிரிவில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது வர வேண்டும். 60 கிலோ எடை என்றால் மணிக்கு 30 மி.லி. இது தொடர்ந்து குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. சர்க்கரை 400, 500 என்று எகிறியவர் நன்றாகச் சிறுநீர் கழிப்பார். ஆனால் அந்தச் சிறுநீர் வழியாகத்தான் அவர் உடம்பின் நீரே போய்க்கொண்டிருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீரே வராமல் இருக்கலாம். அது நீர் குறைவின் அடையாளம் அல்ல.

அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு என்ன மாறியது?

ஒரு காலத்தில் கழுத்து நரம்பு வழியாக இதயத்தின் அருகே டியூப் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை அளந்து சலைனை முடிவு செய்தார்கள். 2001-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. ஆனால் 2008-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சலைன் பலன் தருமா என்பதைக் கணிப்பதில் அந்த அழுத்த அளவு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது என்று தெரிந்தது. பின்னர் 2014, 2015-ல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளிலும் அந்தப் பழைய முறைக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை.

இப்போது படுக்கை அருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி வந்துவிட்டது. அதில் மருத்துவர்கள் முக்கியமாக மூன்று இடங்களைப் பார்க்கிறார்கள்.

* இதயம்: நன்றாகச் சுருங்கி விரிகிறதா? சுற்றி நீர் கட்டியிருக்கிறதா? மோட்டார் கோளாறும் அடைப்பும் இங்கேயே தெரிந்துவிடும்.
* வயிற்றில் உள்ள பெருஞ்சிரை: கீழ் உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய். மெலிந்து, மூச்சுக்கு மூச்சு ஒட்டிக்கொண்டால் நீர் குறைவாக இருக்கலாம். புடைத்து அசையாமல் இருந்தால் இனி ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.
* நுரையீரல்: காற்று நிறைந்த நுரையீரலில் குறுக்குக் கோடுகள் தெரியும். நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழாக ஒளிக்கற்றை போன்ற கோடுகள் விழும். இரண்டு பக்கமும் இவை நிறைய தெரிந்தால் அபாய மணி.

பெருஞ்சிரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. நோயாளி இழுத்து இழுத்து மூச்சு விட்டால், நீர் போதுமான அளவு இருந்தாலும் அந்தக் குழாய் ஒட்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும்.

இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும், அது இருக்கும் இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்கக் கருவிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற இந்தச் சட்டம் அவசியம். அதே நேரம், ஸ்டெதாஸ்கோப் மாதிரி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு படுக்கைக்குப் படுக்கை போகும் வசதி வெளிநாடுகளில் வந்த அளவுக்கு இங்கே எளிதாக வர முடியவில்லை.

காலைத் தூக்கினால் பதில் கிடைக்கும்!

இதுவரை பார்த்தவை எல்லாம் ‘நீர் இருக்கிறதா’ என்று கேட்பவை. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: ‘இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளுமா?’

ஷாக்கில் இருக்கும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் சலைன் கொடுத்தால் இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீதிப் பாதிக்கு அது சுமைதான்.

இதைத் தெரிந்துகொள்ள, நோயாளியை முதலில் சாய்வாக உட்காரவைத்து, பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, இரண்டு கால்களையும் 45 டிகிரி உயர்த்துகிறார்கள். கால்களில் இருக்கும் சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்தை நோக்கி ஓடும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடினால், சலைன் பலன் தரும். கூடாவிட்டால் வேறு மருந்து தேவை. ஒரு சொட்டுகூட ஏற்றாமல் செய்யும் ஒத்திகை இது. காலைக் கீழே இறக்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பலன் தரும் என்று தெரிந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆரோக்கியமாக இருக்கும் எவருக்குச் சோதித்தாலும் பெரும்பாலும் ‘பலன் தரும்’ என்றுதான் வரும். ரத்த ஓட்டம் போதாமல் இருக்க வேண்டும், கொடுத்தால் பலனும் இருக்க வேண்டும், நுரையீரலும் தாங்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பாட்டில் மாட்டப்படும்.

ஆப்பிரிக்கா கொடுத்த அதிர்ச்சி

‘ஷாக்கா? உடனே வேகமாகத் திரவம் ஏற்று’ என்பது பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்கப்படாத விதியாக இருந்தது. அதை உலுக்கியது 2011-ல் வெளியான ‘ஃபீஸ்ட்’ ஆய்வு.

உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலுடன் ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டது. சிலருக்கு வழக்கமான மெதுவான திரவம் மட்டும். 48 மணி நேரத்தில் வேகமாக ஏற்றப்பட்ட இரு குழுக்களிலும் இறப்பு 10.6 மற்றும் 10.5 சதவீதம். ஏற்றப்படாத குழுவில் 7.3 சதவீதம். உயிர் காக்கும் என்று நம்பப்பட்ட சிகிச்சையில் அதிகக் குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

2017-ல் ஜாம்பியா தலைநகர் லுசாகாவில், செப்சிஸால் ரத்த அழுத்தம் குறைந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே கதை. நெறிமுறைப்படி அதிகத் திரவமும் மருந்தும் பெற்றவர்களில் 48.1 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதம் பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முடிவு வேறு மாதிரி வந்தது. 2022-ல் ‘கிளாசிக்’, 2023-ல் ‘குளோவர்ஸ்’ என இரண்டு ஆய்வுகள், தலா 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள். திரவத்தைக் குறைத்துக் கொடுத்தாலும், தாராளமாகக் கொடுத்தாலும் இறப்பில் வித்தியாசம் இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? அங்கே வென்டிலேட்டர் உண்டு, நொடிக்கு நொடி கண்காணிப்பு உண்டு. கொஞ்சம் அதிகமானாலும் சமாளிக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், வேறு நோய்களால் ஏற்கெனவே தளர்ந்த உடலில், அதே அளவு ஆபத்தாக மாறலாம். ஆக, ‘எவ்வளவு சலைன்’ என்பதற்கான பதில் நோயாளியை மட்டுமல்ல, அவர் படுத்திருக்கும் மருத்துவமனையையும் பொறுத்தது.

செப்சிஸுக்கான சர்வதேச வழிகாட்டுதலும் தன் குரலைத் தாழ்த்தியது. ஒரு கிலோ எடைக்கு 30 மி.லி. என்ற ஆரம்ப அளவு 2016-ல் உறுதியான பரிந்துரையாக இருந்தது. 2021-ல் அது வலுக் குறைந்த பரிந்துரையாக மாற்றப்பட்டது.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஃபீஸ்ட் ஆய்வில் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. வயிற்றுப்போக்கால் டேங்க் காலியான குழந்தைக்குத் திரவம்தான் மருந்து. மயங்காமல், குடிக்க முடிகிற நிலையில் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஓ.ஆர்.எஸ். மூலம் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது வரலாறு.

டெங்குவில் ஏன் இது வாழ்வா சாவா பிரச்னை?

தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தாலே டெங்கு பயம் வந்துவிடும். வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ‘பிளேட்லெட் எவ்வளவு?’

ஆனால் டெங்குவில் பல உயிர்களைப் பறிப்பது குழாயிலிருந்து திரவம் கசிவது. மருத்துவர் முக்கியமாகப் பார்க்கும் எண் ‘ஹெமடோகிரிட்’. லேப் ரிப்போர்ட்டில் ‘பி.சி.வி.’ என்று இருக்கும். திரவம் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். வழக்கமாக 40 இருப்பவருக்கு 48 ஆனால், அது 20 சதவீத உயர்வு. கசிவுக்கு வலுவான அடையாளம்.

இன்னொன்று, பி.பி.யில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. 120/80 என்றால் இடைவெளி 40. டெங்கு நோயாளிக்கு 100/85 என்று வந்தால், மேல் எண் 100 இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. இடைவெளி 15 ஆகச் சுருங்கிவிட்டது. 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஷாக் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மிக ஆபத்தான நேரம் எது தெரியுமா? காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் கசிவு தொடங்கும். ‘ஜுரம் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போகலாம்’ என்று குடும்பம் நிம்மதி அடையும் அதே நேரம்.

இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான் நீடிக்கும். பிறகு கசிந்த திரவமெல்லாம் தானாகவே குழாய்க்குள் திரும்பும். அப்போதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருந்தால், இரண்டும் சேர்ந்து நுரையீரலை மூழ்கடிக்கும். முதல் நாள் உயிர் காத்த அதே சலைன், மூன்றாம் நாள் உயிரைக் கேட்கும்.

இலங்கையின் தேசிய வழிகாட்டுதல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. அபாயக் கட்டமான 48 மணி நேரத்துக்கு, 50 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ளவருக்கு வாய்வழி குடிப்பதும் சேர்த்து மொத்தம் 4,600 மி.லி. திரவம். அதையும் ஒரேயடியாக அல்ல, கசிவின் வேகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து. 2017-ல் அந்த நாட்டில் 1.86 லட்சத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது.

பி.சி.வி. திடீரென்று இறங்கி, நோயாளியின் நிலையும் மோசமானால் அது நல்ல செய்தி அல்ல. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம் வரும். அப்போது தேவைப்படுவது சலைன் அல்ல, ரத்தம். ஒரு தடவை பார்த்து முடிவெடுக்க முடியாது, மணிக்கு மணி பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நோயாளியுடன் வருபவர்கள் என்ன செய்யலாம்?

கருவிகள் சொல்லாத பல விஷயங்களை வீட்டில் இருப்பவர்களால் சொல்ல முடியும். இவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

* கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? நிறம் எப்படி இருந்தது?
* வாந்தி, வயிற்றுப்போக்கு எத்தனை முறை? மலத்தில் ரத்தமோ, கறுப்பு நிறமோ இருந்ததா?
* சாப்பிடும் மாத்திரை அட்டைகள். குறிப்பாக பி.பி., இதயம், நீர் பிரியும் மாத்திரைகள்.
* பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ ரிப்போர்ட்.
* டயாலிசிஸ் செய்பவர் என்றால் கடைசியாகச் செய்த தேதி.
* வழக்கமான உடல் எடை. இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது சதை அல்ல, பெரும்பாலும் நீர்.
* வேறு மருத்துவமனையில் ஏற்கெனவே ட்ரிப்ஸ் போட்டிருந்தால் எத்தனை பாட்டில், எப்போது?

கடைசிக் கேள்வியை நிறைய பேர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பக்கத்து கிளினிக்கில் மூன்று பாட்டில் ஏற்றிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு வருபவரின் கணக்கு, புதிதாகத் தொடங்குவதில்லை.

ட்ரிப்ஸ் சத்து மருந்தா?

500 மி.லி. ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் ஐந்து, ஆறு ஸ்பூன். ஒரு லிட்டர் சலைனில் இருப்பது 9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடுங்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வாயால் குடிக்க முடிகிற ஒருவருக்கு ‘தெம்புக்காக’ இதை ஊசி வழியாக ஏற்றுவதில் பெரிய லாபம் எதுவும் இல்லை. இதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஆபத்தும் உண்டு.

அடுத்த முறை அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் விரல் நுனியை அழுத்திப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, ‘இப்போதைக்கு ட்ரிப்ஸ் வேண்டாம், அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன்’ என்று சொன்னால், அவர் வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த அரை மணி நேரமும் சிகிச்சைதான். ‘ஏன் டாக்டர் வேண்டாம்னு சொல்றீங்க?’ என்று தாராளமாகக் கேட்கலாம். மாட்டும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம்: ‘இது எதுக்கு, எப்ப நிறுத்துவீங்க?’